மூணு பேருக்கு இடம்

1

சவரி என்னிடம் கேட்டது ஒரே ஒரு படம். நானும் மனைவியும் மகளும் நின்றபடி, கால் முதல் தலை வரை தெரிய. அதற்காக ஒரு வாரம் படாத பாடு பட்டேன் என்றால் ஊரில் இருக்கும் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள், எனக்கொன்றும் வருத்தமில்லை. இந்த ஊரில் என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூட ஆள் கிடையாது.

சவரி திண்டுக்கல்லில் என்னோடு பத்தாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஸ்டுடியோ வைத்திருக்கிறான். எங்கள் அப்பா அம்மாவின் கல்யாணப் பொன்விழாவுக்குப் படம் எடுக்கும் பொறுப்பு அவனுக்கு. மாதா கோயிலில் பூசை, இரண்டு பேரும் மறுபடி மாலை மாற்றிக்கொள்வது, பிறகு மண்டபம். சாப்பாட்டுக்கு முன்னால் குடும்பப் படம்.

அந்தக் குடும்பப் படத்தில், வெளிநாட்டிலிருந்து வர முடியாத ஆளுக்கு இடம் விட்டு மற்றவர்களை நிற்கவைத்து எடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வராதவன் தன் படத்தை அனுப்பினால் போதும், ஸ்டுடியோக்காரர் அதை வெட்டி அந்த இடத்தில் ஒட்டி பிரேம் போட்டுத் தந்துவிடுவார். துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ ஆள் போகாத வீடு எது? பாதி வீட்டுச் சுவரில் இப்படி ஒட்டவைத்த மகனோ மருமகனோ நிற்கிறான். உற்றுப் பார்த்தால் அவனுக்கு மட்டும் வெளிச்சம் வேறு பக்கத்திலிருந்து அடிக்கும். ஒரு துக்க வீட்டுப் படத்தில் சவப்பெட்டியைச் சுற்றி எல்லாரும் கண் வீங்கி நிற்க, மஸ்கட்டில் இருந்த பேரன் மட்டும் பல்லெல்லாம் தெரிய நின்றான். அவன் அனுப்பிய படம் அப்படி, சவரி என்ன செய்வான்? அந்த வீட்டார் இன்றுவரை அதைச் சுவரிலிருந்து கழற்றவில்லை.

இப்போது என் முறை வந்தது.

2

நான் ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். என் நிரந்தர விலாசம் திண்டுக்கல் என்பதால் விசாரணை அங்கே நடந்தது. ஒரு காவலர் வீட்டுக்கு வந்து, "ஆளக் கூப்பிடுங்க, பாக்கணும்" என்றாராம். அப்பா, "அவன் நார்வேயில இருக்கான் தம்பி, அதனாலதானே அங்கிருந்து எழுதிக் கேட்டிருக்கான்" என்றிருக்கிறார். "ஆளையே பாக்காம ஆள் இருக்காருன்னு எப்படிங்கய்யா எழுதுறது?" என்று அவர் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

விழாவுக்குள் பாஸ்போர்ட் வராது என்று தெரிந்த அன்று எனக்கு அழுகை வந்தது. கூடவே உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் வந்தது. அந்த நிம்மதிக்குக் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். சவரி கேட்ட அந்த மூன்று பேர் இப்போது இல்லை. ஸ்டெல்லாவும் நானும் பிரிந்து இரண்டு வருஷம் ஆகிறது. சண்டை, கூச்சல் எதுவும் கிடையாது. பேச்சு குறைந்து குறைந்து ஒரு நாள் நின்றே போனது, அவ்வளவுதான். மகள் ஜெனி ஒரு வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே. இந்த ஊரில் இது சர்வ சாதாரணம். பள்ளிக்கூடத்திலேயே பிள்ளைக்கு இரண்டு விலாசம் எழுதிக்கொள்ளத் தனித்தனிக் கட்டம் வைத்திருக்கிறார்கள்.

ஊரில் ஒருவருக்கும் சொல்லவில்லை. அம்மா போனில் ஸ்டெல்லாவைக் கேட்டால், "டூட்டிக்குப் போயிருக்கா" என்பேன். அவள் நர்ஸ் என்பதால் எந்த நேரத்துக்கும் அந்தப் பதில் பொருந்தும். ஐம்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்து கோயிலில் மறுபடி மாலை மாற்றப் போகிறவர்களிடம், என்னுடையது முடிந்துபோச்சு என்று எந்த வாயால் சொல்வது? விழா முடியட்டும் என்று தள்ளினேன். அதற்கு முன்னால் கிறிஸ்துமஸ் முடியட்டும் என்று தள்ளியிருந்தேன். தள்ளிப்போடுவதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை.

அப்போதுதான் தங்கச்சி பிலோமி கூப்பிட்டாள். "அண்ணே, படத்துல உங்க மூணு பேருக்கும் இடம் விடச் சொல்லி சவரி அண்ணன்கிட்ட சொல்லிட்டேன். அண்ணிய அந்த அரக்குப் பட்டு கட்டிக்கச் சொல்லுங்க."

"சரிம்மா" என்றேன். வேறு என்ன சொல்ல?

3

சவரியின் குரல் பதிவு மறுநாள் வந்தது.

"ஏலே மாப்ள, ஒன்னு சொல்றேன் கேட்டுக்க. அந்தத் தண்ணிக்குள்ள முக்குற கேமரால எடுத்து அனுப்பிராத. அதுல ஆளுக்கு முன்னாடி மூக்கு வந்து நிக்குது. முன்ன ஒரு கருப்புக் கேமரா வாங்கினோம்ல, அதுல எடு. பத்து அடி தள்ளி, கேமரா நெஞ்சு உயரத்துல. வெளிச்சம் இடது பக்கமிருந்து வரணும், மண்டபத்துல சன்னல் அங்கிட்டுத்தான். ஒரு கைய அப்பா நாற்காலி மேல வச்ச மாதிரி வச்சுக்க. உங்க வீட்டு நாற்காலி ஏதாச்சும் போட்டுக்க, நான் பெறகு அழிச்சுக்கிறேன்."

இந்த இரண்டு கேமராக்களைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும்.

தண்ணிக்குள் முக்குவது என் வேலைக் கேமரா. சுரங்கப் பாதைகளில் எங்கே விரிசல், எங்கே தண்ணீர் கசிகிறது என்று பார்த்துப் படமெடுத்து எழுதிக் கொடுப்பதுதான் என் வேலை. நார்வேயின் இந்த மேற்குக் கடற்கரையில் மழை நிற்கும் நாட்களை மட்டும்தான் ஆட்கள் பேச்சுக்கு எடுப்பார்கள். அப்பாவுக்குக் குஜிலியம்பாறைப் பக்கம் மானாவாரி நிலம். போனை எடுத்ததும், "அங்கிட்டு மழையா?" என்பார். ஆமாம் என்றால், "அதுல ஒரு உழவுக்கு இங்கிட்டு அனுப்பிவிடேன்" என்பார். அப்படிப்பட்ட மழைக்குச் செய்த கேமரா இது. ஆரஞ்சு நிறம், சோப்பு டப்பா அளவு. ஒருதரம் சாரத்திலிருந்து கைதவறிக் கல்லில் விழுந்தது. இறங்கிப் போய் எடுத்தால் லைட் எரிய எனக்காகக் காத்துக்கிடந்தது. சேறானால் குழாயடியில் கழுவிக்கொள்ளலாம். கையுறையைக் கழற்ற வேண்டாம். எடுத்த இடம் எது என்று படத்துக்குள்ளேயே எழுதிக்கொள்ளும்.

ஆனால் சவரி சொன்னது உண்மை. அகன்ற லென்ஸ், உள்ளே சுண்டுவிரல் நகம் அளவு சென்சார். சுவரை எடுத்தால் விரிசல் துல்லியமாக இருக்கும், முகத்தை எடுத்தால் வெளிச்சம் கொஞ்சம் குறைந்தாலும் தோல் பூசி மெழுகின மாதிரி ஆகிவிடும். ஓரத்தில் நிற்கிறவன் பூசணிக்காயாகிவிடுவான்.

கருப்புக் கேமரா பழைய எஸ்.எல்.ஆர். நான் விமானம் ஏறுவதற்கு முன்னால் சவரிதான் மதுரைக்குக் கூட்டிப்போய் வாங்கித் தந்தான். செங்கல் கனம். கட்டைவிரல் படுகிற இடத்தில் ரப்பர் தேய்ந்து பிசுபிசுக்கிறது. மழைத் துளி பட்டால் துணி தேட வேண்டும். பின்னால் இருக்கும் திரையில் எடுத்து முடித்த படம்தான் தெரியும், எடுப்பதற்குக் கண்ணை ஓட்டையில் வைத்தே ஆக வேண்டும். அழுத்தினால் உள்ளே கண்ணாடி 'டப்'பென்று எழுந்து விழும். இருந்தாலும் அதில் எடுத்த முகம் முகமாக இருக்கும். திண்டுக்கல் வெயிலில் கறுத்த தோலும் இந்த ஊர்ப் பனியில் வெளிறிய தோலும் அதில் தனித்தனியாகத் தெரியும். இப்போதைய கேமராக்காரர்கள் அதன் மெகாபிக்சல் கணக்கைக் கேட்டால் பரிதாபப்படுவார்கள். படத்தைப் பார்த்தால் வாயை மூடிக்கொள்வார்கள்.

அதில் என்னை எடுத்ததெல்லாம் ஸ்டெல்லாதான். சட்டை பொத்தான் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அழுத்துவாள். பிரிந்தபோது சாமான்களைப் பங்கு வைத்தோம். "கேமராவ நீங்களே வச்சுக்குங்க" என்றாள். அலமாரி மேல் தட்டில் வைத்தேன். அதோடு சரி, அதை நான் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் வீட்டுக்கு அனுப்புகிற படங்களெல்லாம் ஆரஞ்சுக் கேமராவில் எடுத்தவைதான்.

4

கருப்புக் கேமராவை இறக்கி, சார்ஜ் போட்டு, அதில் கிடந்த மெமரி கார்டைப் பார்த்தேன். படகுத் துறையில் நாங்கள் மூன்று பேரும் நிற்கும் படம் ஒன்று இருந்தது. யாரோ ஒரு ஜெர்மன் பயணியிடம் ஸ்டெல்லா கேமராவைக் கொடுத்து எடுக்கச் சொன்னது. கூச்சமே கிடையாது அவளுக்கு. வெளிச்சமும் இடது பக்கமிருந்தே வந்தது. அட, கர்த்தரே வழிவிட்டார் என்று சவரிக்கு அதை அனுப்பினேன்.

ஐந்து நிமிஷத்தில் பதில். "மாப்ள, பாப்பா இன்னும் ரெண்டாப்புப் பிள்ளையாவே இருக்காளே? உன் மண்டையில இம்புட்டு முடி எப்ப மொளச்சது? புதுசா ஒன்னு எடு. ஒரு படம் எடுக்க நோகுதா உனக்கு?"

அந்த வாரம் ஜெனி என்னோடு இருந்தாள். பதினைந்து வயது. என்னைப் 'பாப்பா' என்று கூப்பிடுவாள், இந்த ஊரில் அப்பாவுக்கு அதுதான் சொல். முதலில் கேட்டபோது அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள், "பெத்தவனையே பாப்பாங்குது பாரு!" என்று. இப்போது ஜெனி திண்டுக்கல்லோடு போனில் பேசினால் "நல்லா இருக்கேன், சாப்பிட்டேன்" என்ற இரண்டோடு தமிழ் முடிந்துவிடும். கடையில் நான் வாய் திறந்தால், "பாப்பா, நீங்க இருங்க, நான் பேசறேன்" என்று முந்திக்கொள்வாள். என் உச்சரிப்பு அவளுக்கு வெட்கம்.

சாப்பிட்டு முடித்ததும் அவளிடம் கேட்டேன். நீயும் நானும் சேர்ந்து ஒரு படம். ஸ்டெல்லாவைப் பழைய படத்திலிருந்து சவரி எடுத்துக்கொள்வான். பெரியவர்கள் அவ்வளவாக மாற மாட்டார்களே.

அவள் தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டாள், இந்த ஊர்ப் பாஷையில்தான். "நாம மூணு பேரும் அந்த ஹால்ல சேர்ந்து நிக்கிற மாதிரியா?"

"ஆமாம்."

"அவங்களுக்கு இன்னும் தெரியாதா?"

நான் மேசையைத் துடைத்தேன்.

"ரெண்டு வருஷமாவா, பாப்பா?" என்றாள். கோபமாகக் கேட்டிருந்தால் பதிலுக்கு ஒரு சத்தம் போட்டிருப்பேன். அவள் எனக்காகப் பாவப்பட்டுக் கேட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை. "நான் தனியா எடுத்துத் தரேன். பொய்ப் படத்துல நிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டு அறைக்குப் போனாள். மறுநாள் வாரம் முடிந்தது. பையைத் தோளில் போட்டுக்கொண்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

வீட்டில் நானும் இரண்டு கேமராவும் மிச்சம். சரி, என்னையாவது எடுத்துவைப்போம் என்று கோட்டுப் போட்டு, சன்னலை இடது பக்கம் வைத்து, சமையலறை நாற்காலியைப் போட்டேன். துணி தேய்க்கும் பலகை மேல் புத்தகம் அடுக்கிக் கருப்புக் கேமராவை நெஞ்சு உயரத்துக்கு ஏற்றினேன். டைமரை அழுத்திவிட்டு ஓடினேன். ஆள் இல்லாத இடத்தில் அது எதைப் பார்த்து ஃபோகஸ் செய்யும்? பின்னால் இருந்த சுவர்க் கடிகாரம் கத்தி மாதிரி தெளிவாக, நான் புகை மாதிரி. நிற்கிற இடத்தில் ஒரு தலையணையை நிறுத்தி அதைப் பார்த்து ஃபோகஸ் செய்து, பிறகு ஓடிப்போய் அதைத் தட்டிவிட்டு நின்றேன். மூச்சு வாங்குகிற படம் வந்தது, அடுத்ததில் கண் மூடியிருந்தது, அதற்கடுத்ததில் நாற்காலியில் கை வைக்கவே மறந்திருந்தேன். ஆரஞ்சுக் கேமராவை அலமாரியில் சாய்த்து வைத்தேன், முதல் தடவையே பளிச்சென்று எடுத்துத் தந்தது, சவரி சொன்ன அதே மூக்கோடு.

யாராவது ஒருத்தர் நின்று "ம், சரி" என்று சொன்னால் முடிகிற வேலை. அந்த ஒருத்தர் இல்லை. கோட்டோடு நாற்காலியில் உட்கார்ந்தேன். நாற்பத்தெட்டு வயதில் தலையணையைப் பார்த்து ஃபோகஸ் செய்துகொண்டிருக்கிறேனே என்று தோன்றியதும் சிரிப்பு வந்தது, பாதியிலேயே நின்றுவிட்டது.

5

விழா அன்று பூசையைப் பிலோமி மகன் போனில் காட்டினான். அப்பாவுக்கு மாலை மூக்கு வரை வந்தது. அம்மா அவருக்கு வேட்டி நுனியைச் சரிசெய்துவிட்டாள். மண்டபத்துக்குப் போனதும் அவன் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. நான் சுடுசோற்றில் ரசத்தை ஊற்றி ஒரு ஊறுகாயோடு பொன்விழாச் சாப்பாட்டை முடித்தேன்.

கொஞ்ச நேரத்தில் சவரி குடும்பப் படத்தை அனுப்பினான். கூட ஒரு வரி: "படம் ரெடி. உன் படம் எங்கலே?"

பெரிதாக்கிப் பார்த்தேன். அப்பாவும் அம்மாவும் நடுவில் உட்கார்ந்திருக்க, பின்னால் சித்தப்பா வீடு, அத்தை வீடு, பிலோமி, அவள் மாப்பிள்ளை, பிள்ளைகள். அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் இடம் விட்டிருந்தது. ஆனால் மூன்று பேருக்கான இடம் இல்லை. எப்படி நெருக்கி நிறுத்தினாலும் ஒருத்தன் நிற்கலாம். அதுவும் அப்பா நாற்காலிப் பக்கம் இல்லை.

சவரியைக் கூப்பிட்டேன். "ஏன்டா, மூணு பேரு எப்படிடா இதுல நிப்போம்?"

அவன் பக்கத்தில் பந்தி இரைச்சல். "நான் விட்டுத்தான்டா நிப்பாட்டினேன், நல்லா மூணு ஆளு அகலத்துக்கு. எடுக்கப் போற நேரத்துல அம்மாதான் திரும்பிப் பார்த்து, எல்லாரும் நெருங்கி வாங்க, இம்புட்டு எதுக்கு, ஒரு ஆளு நிக்கிற அளவு போதும்னாங்க. என் பின்னாடி நிக்கட்டும்னாங்க. பிலோமிகூட என்னம்மான்னுச்சு. நீ பேசாம நில்லுன்னுட்டாங்க." குரலைத் தாழ்த்தினான். "மாப்ள, ஏதும் பிரச்சினையா?"

"அம்மாகிட்ட குடு" என்றேன்.

அவன் போனைக் கொண்டுபோய்க் கொடுக்கிற வரைக்கும் எலும்பைத் துப்புகிற சத்தம், 'இங்க ரெண்டு இலைக்கு வெஞ்சனம் வரலப்பா' என்ற சத்தம், யாரோ யாரையோ அதட்டுகிற சத்தமெல்லாம் காதில் விழுந்தது. பிறகு அமைதி. மண்டபத்துக்கு வெளியே வந்துவிட்டாள் போல.

"சொல்லு அப்பு."

"அம்மா, மூணு பேருக்கு..."

"தெரியும்."

"யாரு சொன்னா? ஸ்டெல்லா பேசினாளா?"

"யாரும் சொல்லல. அவளும் பேசல. நீ வாரா வாரம் படம் அனுப்புறயில்ல, அதுல தெரிஞ்சது."

"படத்துல என்ன இருக்கு? நான்தானே இருக்கேன்?"

"ஆமா, நீதான் இருக்க. முன்னெல்லாம் நீ தூரத்துல நிப்ப. செருப்புக்கால் வரைக்கும் தெரியும், பொத்தான் போட்டிருப்ப. யாரோ எடுக்குறாங்க, நீ அவளப் பாத்துக்கிட்டு நிக்கிறன்னு தெரியும். இப்ப ரெண்டு வருசமா வர்ற படத்துல எல்லாம் ஒரு ஓரத்துல உன் கை நீட்டிக்கிட்டுக் கெடக்கு. மலைக்கு முன்னாடியும் உன் கை, கோயிலுக்கு முன்னாடியும் உன் கை. உன் பொறந்த நாளுக்குக் கேக்கு வெட்டினப்பவும் உன் கைதான் அப்பு. உன்னைய ஒரு படம் எடுத்துக் குடுக்கக்கூட அங்க ஆள் இல்லன்னு, பெத்தவளுக்குத் தெரியாதா?"

நான் அழுதேன். மறைக்கவும் இல்லை. அவள் "அழாத" என்று சொல்லவே இல்லை, இருந்து கேட்டாள்.

"கேட்டிருக்கலாமேம்மா" என்றேன் கடைசியில்.

"கேட்டிருந்தா டூட்டின்னுருப்ப. அதான் நீயா சொல்ற வரைக்கும் இருந்தேன். இன்னைக்கு மூணு ஆளு இடத்தப் பாத்ததும் எனக்கு மனசு பொறுக்கல. பொய்யா அம்புட்டு இடம் என் பின்னாடி இருக்க வேணாம்னுட்டேன். பேத்தி படத்தத் தனியா அனுப்பு, பக்கத்துலயே வச்சுக்கிறேன். ஸ்டெல்லா நல்ல பிள்ளதான், அவ எங்கிருந்தாலும் நல்லாருக்கட்டும். அப்பாவுக்கு நான் பக்குவமா சொல்லிக்கிறேன்."

"சரிம்மா."

"இப்ப படம் எடுத்து அனுப்பு. சவரி நாளைக்கு பிரேம் போடணுமாம். ஆனா கைய நீட்டி எடுத்து அனுப்புன, சுவத்துல மாட்ட மாட்டேன், ஆமா. யாரையாச்சும் கூப்பிட்டு எடுக்கச் சொல்லு."

"இங்க யாரும்மா இருக்கா?"

"ஊருன்னா மனுசன் இல்லாமயா இருப்பான்? போய்க் கேளு. செத்த நேரத்துல பந்தி முடிஞ்சிரும், வச்சிடறேன்."

வைத்துவிட்டாள்.

எதிர் வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். இரண்டு வருஷமாக மாடிப்படியில் பார்த்தால் தலையை ஆட்டிக்கொள்வோம். பெயர் தெரியாது. அவருக்கும் என் பெயர் தெரியாது. இந்த ஊரில் ஒருத்தர் வீட்டு மணியைச் சொல்லாமல் அடிப்பது வழக்கமில்லை என்று வந்த புதிதில் யாரோ சொன்னார்கள். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன்.

கோட்டைப் போட்டேன், பொத்தானைச் சரிபார்த்தேன், கருப்புக் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய் மணியை அடித்தேன். கதவு திறந்தது. பெரியவர் ஒரு கையில் மூக்குக் கண்ணாடியோடு, என்ன ஆபத்தோ என்று என்னைப் பார்த்தார்.

"மன்னிக்கணும், ஒரு நிமிஷம் வந்து என்னை ஒரு படம் எடுத்துத் தருவீர்களா?" என்று கேட்டேன்.

அவர்கள் பாஷையில் சுரங்கத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். இந்த ஒரு வாக்கியத்தை அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சொன்னேன்.